வையை சேரும் கடலில் ஒரு தீவு

கச்சத்தீவு என்றவுடன், அது முகவைக் கடற்கரை மீனவரின் சிக்கல் என்று கருதி ஒதுங்கிவிடுவோர் கம்பம் பள்ளத்தாக்கில் மிகப் பலர். நெல்லும் வாழையும் கொடிமுந்திரியும் விளைவிக்கும் நிலத்தார்க்கும், ஏலமலைத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஏறி இறங்கும் கூலி மக்களுக்கும், உப்புக் கடல் நடுவே கிடக்கும் ஒரு திட்டு எட்டாத் தொலைவினதாகத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் அத்தோற்றம் பிழையானது. மலைக்கும் அத்தீவுக்கும் உள்ள உறவை ஓர் ஆறே சொல்லும்.

வருசநாட்டு மலையிற் பிறக்கும் வையை, கம்பம் பள்ளத்தாக்கின் வழிவரும் முல்லையாற்று நீரையும் சுருளியாற்று நீரையும் தன்னொடு சேர்த்துக்கொண்டு, மதுரையும் மானாமதுரையும் பரமக்குடியும் கடந்து, முகவைப் பெரிய கண்மாய்க்கு நீர் ஊட்டி, எஞ்சியதை ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலில் விடுகிறது. அதன் நீளம் 258 கிலோமீட்டர். அது போய்ச் சேரும் கடல்தான் கச்சத்தீவு கிடக்கும் கடல். கூடலூரில் வயலுக்குத் திறக்கும் மடையின் மறுமுனை அங்கே இருக்கிறது.

ஆட்சியாலும் இவ்விரு நிலங்களும் ஒன்றாயிருந்தவையே. தேனி தனி மாவட்டமானது 1996இல். இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல். அதற்கு முன்னர் இரண்டும் மதுரை மாவட்டத்தின் பகுதிகள். இன்னும் பின்னோக்கிச் செல்லின் வியப்பான செய்தி ஒன்று கிடைக்கும். பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி வறண்ட பாண்டி நாட்டுக்குக் கொணரலாம் என்று 1789ஆம் ஆண்டிலேயே எண்ணி, மலைக்கு ஆள் விடுத்து ஆராய்ந்தவர் முத்திருளப்பப் பிள்ளை. அவர் யார்? கச்சத்தீவை ஆண்ட சேதுபதிகளின் தலைமையமைச்சர். முத்துராமலிங்க சேதுபதியிடம் பணி செய்தவர். செலவு மிகுதி என்று அம்முயற்சி அன்று கைவிடப்பட்டது. நூறாண்டு கழித்துப் பென்னிகுயிக்கு அணை கட்டினார். 1895இல் நீர் இறங்கியது. கம்பத்துக்காரர் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைப்பது நன்றே. முதலில் அம்மலையை ஏறிப் பார்க்கச் செய்த முகவைத் தமிழனின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் குறைவொன்றும் வந்துவிடாது.

தீவின் இயல்பை இனிக் காண்போர் காண்க. இராமேசுவரத்திற்கு வடகிழக்கிலும் நெடுந்தீவுக்குத் தென்மேற்கிலும் அது கிடக்கிறது. பரப்பு 285 ஏக்கர். நீளம் ஏறத்தாழ ஒரு கல்; அகலம் அரைக் கல்லும் தேறாது. குடிக்கும் நன்னீர் இல்லை. ஆதலின் நிலையான குடியும் இல்லை. இருகரை மீனவரும் வலை உலர்த்தவும், பிடித்ததைப் பிரிக்கவும், காற்றும் மழையும் மீறும்போது வள்ளத்தைக் கரையேற்றி ஒதுங்கவும் அதனைப் பயன்கொண்டனர். அங்குள்ள ஒரே கட்டடமாக நெடுங்காலம் நின்றது அந்தோணியார் கோயில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகவைக் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பார் அதனை எழுப்பினார் என்பது இருகரையும் சொல்லிவரும் செய்தி. கடலோடிகளின் காவலர் அந்தோணியார் என்பதனால், கிறித்தவர் மட்டுமன்றிப் பிற சமயத் தமிழரும் அவ்விழாவுக்குச் சென்றனர்.

இக்கடலில் பெயர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். நிலப்படங்களில் ‘பாக் நீரிணை’ என்று காணப்படுகிறதே, அந்தப் பாக் என்பவன் 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராயிருந்த இராபர்ட்டு பாக் என்னும் ஆங்கிலேயன். பல நூற்றாண்டுகள் தமிழர் ஓடித்திரிந்த நீர்ப்பரப்பு, நான்காண்டு ஆண்டவன் பெயரைத் தாங்கி நிற்கிறது! யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ப்டு ஆயிற்று. வேலணை இலெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்சுடர்டாம் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவின் பெயர் ஆங்கில நிலப்படங்களில் இன்றும் டெல்ப்டுதான். கச்சத்தீவுக்கு மட்டும் எவனும் பெயர் வைக்கவில்லை. ஆளில்லாத திட்டுக்குப் பெயர் எதற்கு என்று விட்டிருக்கலாம். அதனால் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஆங்கிலப் படியில் கூட, ‘தீவு’ என்னும் தமிழ்ச்சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதித்தான் அதனைக் குறிக்க நேர்ந்தது. கொடுத்தவர் மொழியிலும் இல்லாத பெயர், வாங்கியவர் மொழியிலும் இல்லாத பெயர்.

அத்தீவு யாருடையது என்பதற்குச் சேதுபதி வழியில் எழுத்துச் சான்று உண்டு. 1880ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் எழுதப்பட்ட குத்தகை ஆவணம் அவற்றுள் ஒன்று. இம்பூறல் என்று தமிழ் மருத்துவ நூலார் குறிக்கும் சாயவேர், துணிக்குச் செந்நிறம் ஏற்றும் பொருளாக அக்காலத்தில் நல்ல விலை பெற்றது. அவ்வேரைத் தோண்டி எடுக்கும் உரிமையை அப்துல் காதிர் மரைக்காயரும் முத்துசாமிப் பிள்ளையும் குத்தகைக்குப் பெற்றனர். 70 ஊர்களும் 11 தீவுகளும் அவ்வாவணத்தில் அடங்கும். 11 தீவுகளுள் கச்சத்தீவும் ஒன்று. கொடுத்த தரப்பில் இருந்தவர் எட்வர்டு டர்னர் என்னும் மதுரை மாவட்டத் துணை ஆட்சியர். பாற்கர சேதுபதி அப்போது அகவை நிரம்பாதவராயிருந்தார். சமீன் ஆங்கில அரசின் மேற்பார்வையில் இருந்தது. ஆதலின், தீவு சேதுபதியின் உடைமை என்பதை ஆங்கில அரசே தன் அலுவலர் கையால் எழுதிக்கொடுத்தது என்று கொள்வதில் தவறில்லை. 1913ஆம் ஆண்டில் இந்தியச் செயலர் பெயரால் அரசே சேதுபதியிடம் குத்தகை எடுத்தபோதும் கச்சத்தீவு அதில் சேர்ந்திருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கினர் நின்று நோக்க வேண்டிய இடம் இது. 1880க்கு ஆறாண்டு கழித்து, 1886 அக்குதோபர் 29ஆம் நாள், அதே சென்னை அரசு இன்னொரு குத்தகை ஆவணத்தில் கையெழுத்திட்டது. திருவிதாங்கூர் மன்னரிடமிருந்து பெரியாற்று அணைக்கான நிலத்தை 999 ஆண்டுக்குப் பெற்ற ஆவணம் அது. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழரை மிகுதியாகக் கொண்டிருந்தும் கேரளத்தோடு சேர்ந்தன. அணை நிற்கும் மலை கைவிட்டுப் போயிற்று. ஆயினும் நீர் வந்துகொண்டிருக்கிறது. எதனால்? அந்த ஒரு தாளினால். 2014 மே 7ஆம் நாள் உச்சநீதி மன்றம் அக்குத்தகை செல்லும் என்றது. நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தவும் இசைந்தது. குத்தகை கொடுத்தவன் நிலத்துக்கு உரியவன், எடுத்தவன் பயனுக்கு உரியவன் என்னும் எளிய முறைதான் இரண்டு தாளிலும் உள்ளது. மலையில் அது திருவிதாங்கூரை உடையவன் ஆக்கியது. தமிழர்க்கு அது கசப்பாயினும் ஒப்பினர். கடலில் அதே முறை சேதுபதியை உடையவன் ஆக்கியிருத்தல் வேண்டும். 1886ஆம் ஆண்டுத் தாளை எல்லா மன்றங்களிலும் வைத்து வழக்காடினர். 1880ஆம் ஆண்டுத் தாளை, தீவு போவதற்கு முன்பு, எந்த மன்றத்திலும் எவரும் வைக்கவில்லை.

எதிர்த்தரப்பின் சொல்லையும் மறைப்பதற்கில்லை. 1921 அக்குதோபரில் கொழும்பில் இருதரப்பு அலுவலரும் கூடி மீன்பிடி எல்லை வகுத்தபோது, தீவு தமது என்று இலங்கைத் தரப்பினர் விடாது நின்றனர். எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே மூன்று கல் தள்ளி வரையப்பட்டது. அது மீன்பிடிக்கான கோடேயன்றி நிலவுரிமைக் கோடன்று என்பதை இந்தியத் தரப்பினர் அன்றே பதிவு செய்தனர். மேலிடத்து ஒப்புதலும் அதற்குக் கிடைக்கவில்லை. இலங்கையின் கோரிக்கைக்கு அடி எது? போர்த்துகீசியர்க்கும் ஒல்லாந்தர்க்கும் பின் வந்த வழியுரிமை. போர்த்துகீசியர்க்கு அக்கடல் எவ்வாறு கிடைத்தது? 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியதால் கிடைத்தது. அவ்வரசு எவருடையது? தமிழ் மன்னருடையது, தம் காசுகளில் ‘சேது’ என்று தமிழில் பொறித்தவர்களுடையது. முகவையில் ஆண்டவர்களும் தம்மைச் சேதுவின் காவலர் என்றே அழைத்துக்கொண்டனர். ஆக, தில்லி வைத்திருந்த உரிமையும் ஒரு தமிழ் அரசின் உரிமை. கொழும்பு காட்டிய உரிமையும் ஒரு தமிழ் அரசின் உரிமை. ஒரே சொல்லைத் தம் அடையாளமாகக் கொண்ட இரண்டு தமிழ்க் கரைகளுக்கு இடைப்பட்ட வழக்கை, அவ்விரு கரையாரும் இல்லாத அறையில் உட்கார்ந்து பிறர் முடித்துவைத்தனர். கச்சத்தீவு வரலாற்றின் உள்ளீடு இதுவே.

முடித்துவைத்த நாள்கள் 1974 சூன் 26, 28. முதல் நாள் கொழும்பிலும் மற்றது தில்லியிலுமாகச் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் கையெழுத்திட்டனர். புதிய கோடு தீவுக்கு மேற்கே ஒரு கல் தொலைவில் சென்றது. சூலை 23ஆம் நாள் வெளியுறவு அமைச்சர் சுவரண்சிங்கு நாடாளுமன்றத்தில் அதனை அறிவித்தார். இரா. செழியன் எதிர்த்தார். இராமநாதபுரம் தொகுதி உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவர், தம் தொகுதியின் மண் தம்மைக் கேளாமலே போயிற்று என்று முழங்கினார். அவர் உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டியிற் பிறந்தவர். 1952இல் பெரியகுளம் தொகுதியிலிருந்து சட்டமன்றம் புகுந்தவர். கடலுக்காகத் தில்லியில் எழுந்த குரலில் ஒன்று இம்மலையடிவாரத்தினது என்பதைத் தேனி மாவட்டத்தார் மறந்துவிட்டனர்! ஆகத்து 21ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. ஆனால் உடன்படிக்கை சூலை 8இலேயே நடப்புக்கு வந்துவிட்டிருந்தது.

நாட்டின் நிலத்தை அயல்நாட்டுக்குக் கொடுக்க அரசியல் அமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று, வங்காளத்துப் பெருபாரி வழக்கில் 1960இலேயே உச்சநீதி மன்றம் கருத்துரைத்திருந்தது. பெருபாரிக்காக ஒன்பதாம் திருத்தம் வந்தது. வங்காள தேச எல்லையில் சிதறிக்கிடந்த திட்டு நிலங்களை மாற்றிக்கொள்ள 2015இல் நூறாம் திருத்தம் வந்தது. கச்சத்தீவுக்கு ஒரு திருத்தமும் வரவில்லை. ‘அது கொடுத்தல் அன்று, உரிமை தெளிவுறாத இடத்தில் எல்லை வகுத்தல்’ என்பது நடுவணரசின் விடை, 2013இல் உச்சநீதி மன்றத்திலும் இந்திய நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்றே சொல்லியது. உரிமை தெளிவுறவில்லை என்று சொல்வதற்கு முன்னர், தெளிவு தரும் தாள்கள் எந்த நடுவர் முன்னிலையில் விரித்துப் பார்க்கப்பட்டன என்பதே வினா.

1974இல் கட்சிகள் நடந்துகொண்ட முறையும் முழுவதும் தூயதன்று. கையெழுத்தாவதற்குச் சில நாள் முன்பே முதலமைச்சர் கருணாநிதியிடம் வெளியுறவுச் செயலர் நேரில் வந்து செய்தி சொன்னார் என்று கூறும் கோப்புகள், 2024 நாடாளுமன்றத் தேர்தலையொட்டிச் செய்தித்தாள்களில் வந்தன. அவற்றைத் தேடி எடுத்தவர்களுக்கும் அதுவரை பத்தாண்டு ஆட்சியிலிருந்தபோது தீவின் நினைவு வரவில்லை. தேர்தல் முடிந்தது; கோப்பும் மூடியது. 2014 ஆகத்தில், கச்சத்தீவை மீட்பதானால் போர்தான் தொடுக்க வேண்டும் என்று உச்சநீதி மன்றத்தில் சொன்னவர் அதே ஆட்சியின் தலைமை வழக்கறிஞரே. செயலலிதா 2008இல் வழக்குத் தொடுத்தார். சட்டமன்றம் 1991 அக்குதோபர் 3ஆம் நாளிலும் 2025 ஏப்பிரல் 2ஆம் நாளிலும் மீட்புத் தீர்மானம் இயற்றியது. தீர்மானங்களில் தமிழ்நாட்டுக்கு என்றும் குறைவில்லை.

மண்ணைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் விழாவுக்குச் செல்வோரும் முன்போலவே தீவுக்குப் போகலாம், கடவுச்சீட்டும் நுழைவிசைவும் வேண்டா என்றது. ஆறாம் பிரிவு, இருநாட்டுக் கலங்களும் மரபாகத் துய்த்துவந்த உரிமைகளை ஒன்றன் நீரில் மற்றொன்று துய்க்கலாம் என்றது. இவ்விரண்டையும் காட்டித்தான் தமிழரின் வாய் அடைக்கப்பட்டது. பின்னர் 1976 மார்ச்சு 23ஆம் நாள் மன்னார் வளைகுடா எல்லைக்கென இன்னோர் உடன்படிக்கை எழுதி, அதனோடு மாற்றிக்கொண்ட மடல்களில், ஒருவர் நீரில் மற்றவர் மீன்பிடிக்கலாகாது என்று முடித்தனர். அப்போது நாடெங்கும் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் சனவரித் திங்கள் இறுதியிலேயே ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. தீர்மானம் இயற்றுதற்குச் சட்டமன்றமே இல்லாத காலம் அது! குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள மீன்வளம் மிக்க வாட்சுத் திட்டு இந்தியாவுக்குக் கிடைத்ததன்றோ என்று சிலர் ஆறுதல் சொல்வர். முகவை மீனவன் வள்ளத்தில் குமரிமுனைக்குச் சென்று மீன்பிடிப்பானா?

இலங்கைப் போர்க்காலம் கடலையும் எரித்தது. கடற்படையின் சூட்டில் இறந்த முகவை, நாகை மீனவர் பலர். அந்தோணியார் விழா பல ஆண்டு நின்றது. 2009இல் போர் முடிந்த பின் மீண்டும் நடைபெறலாயிற்று. 2016இல் புதிய கோயிலொன்றையும் எழுப்பினர். அதனை எழுப்பியது இலங்கைக் கடற்படை. மீனவன் எழுப்பிய கோயிலுக்கு அருகில், அவன் பெயரர்களைச் சிறைப்பிடிக்கும் படையே கோயில் கட்டி நிற்கும் காட்சியைத் தனியே விளக்க வேண்டியதில்லை. தம்மவர் சிறைப்பட்டதைக் கண்டித்து 2024இல் இராமேசுவரத்து மீனவர் விழாவையே புறக்கணித்தனர்.

இங்ஙனம் அயலாரின் குறைகளை அடுக்கி நிறுத்திவிட்டால் எழுதுவதும் எளிது, கைதட்டலும் கிடைக்கும். தமிழ் நாட்டம் உடையோர் பேசத் தயங்கும் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. இழுவைப் படகு கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு செல்லும் கலம். குஞ்சும் முட்டையும் அடிநிலப் புல்லும் பூண்டும் அதன் மடியில் ஒருசேர வந்துவிடும். இறாலுக்கு வெளிநாட்டு விலை ஏறியதால் அது பெருகிற்று. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர் கடலில் இறங்கத் தடை இருந்தது. அவர்கள் கடலில் இக்கரைப் படகுகள் இழுத்துப் பழகின. போர் ஓய்ந்து, வீடும் உறவும் இழந்து, கடன்பட்டு வலை வாங்கிக் கடலுக்கு மீண்ட அவர்கள் கண்டது அறுந்த வலையும் வெறுமையான கடலடியும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அவர்கள் தெருவில் நின்று முழங்குவது இக்கரைப் படகுகளுக்கு எதிராகத்தான். அவர்கள் சிங்களர் அல்லர். தமிழர் என்று பேசி அவர்கள் துன்பத்துக்குக் கண்ணீர் விட்டவர்கள், அவர்களின் வலை அறுபடும்போது வாய் திறவாமை என்ன முறை? கொழும்பு 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தபோது, அச்சட்டம் வட மாநிலத் தமிழ் மீனவர்க்கு நலமாகவும் இக்கரைத் தமிழ் மீனவர்க்குக் கேடாகவும் முடிந்தது. தமிழனைக் கொண்டே தமிழனை மடக்க அதைவிட வாய்ப்பான கருவி வேண்டுமோ?

இழுவைப் படகில் கூலிக்குப் போகும் ஏழையைக் குறை சொல்லிப் பயனில்லை. படகு அவனுடையதன்று, கடன்தான் அவனுடையது. 2017இல் 2000 இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றித் தருவதாக அரசு திட்டம் தீட்டியது. மாற்றியவை சிலவே. ஆழ்கடல் தொழில் பழக ஆண்டுகள் ஆகும். பொறியும் எரிநெய்யும் பெருஞ்செலவு. மானியத்துக்கு மேல் தன் பங்குக்குக் கட்டும் பணத்தை எளிய மீனவன் எங்கிருந்து கொணர்வான் என்பதைத் திட்டம் தீட்டியோர் போதிய அளவு எண்ணவில்லை. ஒவ்வோர் ஆண்டும் படகுகளை மீட்கவும் மீனவரைச் சிறைமீட்கவும் எழுதும் மடல்களுக்குச் செலவிடும் முனைப்பில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டால், கரையில் பாதிச் சினம் ஆறும்.

தீவின் மண்ணுரிமை வழக்கு அதன் வழியே நடக்கட்டும். அதைக் கைவிடுதற்குக் கரணியம் எதுவுமில்லை. ஆயின் நாளைக்கே கேட்டுப் பெறத்தக்கவை ஐந்தாம் பிரிவும் ஆறாம் பிரிவும் ஆகும். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்றும் உயிரோடு உள்ளது. மடல்கள் அதனை முற்றும் அழித்துவிட்டன என்பதை ஏற்க வேண்டியதில்லை. வலை உலர்த்தும் உரிமையும், காற்றுக்கு ஒதுங்கும் உரிமையும், பருவந்தோறும் முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமையும் எழுத்தில் வேண்டும் என்று கேட்டால், போர் தொடுக்க வேண்டும் என்று எந்த வழக்கறிஞரும் அச்சுறுத்த இயலாது. அதனைக் கேட்கும் வாய் இழுவைமடியை விட்ட வாயாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் அக்கரைத் தமிழரும் சேர்ந்து கேட்பர்.

இது கனவன்று. 2010 ஆகத்தில் வட இலங்கை மீனவர் பேராளர் தமிழ்நாட்டுக்கு வந்து, இக்கரை மீனவரோடு நேரிற் பேசினர். ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும் தொழில் செய்வது என்று தமக்குள் ஒத்துக்கொண்டனர். இரு அரசுகளும் அதனை ஏற்று நடத்தவில்லை. பேச்சு அங்கேயே நின்றது. அதனை மீண்டும் தொடங்கத் தமிழ்நாட்டரசு முன்வர வேண்டும். கூடும் இடத்துக்கும் தேட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் பிப்பிரவரி, மார்ச்சுத் திங்களில் அந்தோணியார் விழாவுக்கென இரண்டு நாள் இருகரைத் தமிழரும் கடவுச்சீட்டின்றிக் கச்சத்தீவில் இறங்குகின்றனர். அந்த இரண்டு நாளில் கொடிமரத்துக்கு அருகே அரைநாள் அமர்ந்து பேச ஒரு பந்தல் போதும்.